மலையகத்தில் மின்சார எஸ்யூவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்குத் திறந்ததிலிருந்து, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமும் சத்தமில்லாத புது வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அதில் ஒன்றை நானும் ஓட்டுகிறேன். வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. கீழே வரும் கணக்கெல்லாம் 60 யூனிட் பெட்டரி உள்ள, ஆட்களும் சாமானும் சேர்த்து 2,100 கிலோ வரும் வண்டிக்கானது. சீனாவின் பிவைடி அட்டோ 3 அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் என்பது கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. உங்கள் வண்டியின் பெட்டரி சின்னதாக இருந்தால் வீதங்களைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

"கரண்ட் வண்டிதானே அண்ணே, ஃபுல் லோட்ல கினிகத்தேன ஏத்தம் ஏறுமா?"

ஏறும். பெற்றோல் வண்டியை விட லேசாகவே ஏறும். மின்மோட்டார் சுற்றத் தொடங்கும்போதே முழு இழுவையையும் கொடுத்துவிடும். கியர் இறக்க வேண்டாம், கிளட்ச் வாசம் வராது, கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி எடுக்கும்போது பின்னால் உருளாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்று கடற்கரையை விட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். மோட்டாருக்கு மூச்சு வாங்கும் வேலையே இல்லை.

"ஒரு சார்ஜுக்கு எத்தன கிலோமீட்டர்? கொழும்புக்குப் போயிட்டு வந்துடலாமா?"

கம்பனி சொல்லும் 400 சொச்சத்தை மறந்துவிடுங்கள். மலையில் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும், உயரத்தையும் எண்ண வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு இரண்டே வரி: 4 கிலோமீட்டருக்கு 1%, 100 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு 1%.

இரண்டாவது வரி ஊகம் இல்லை. 2,100 கிலோவை 100 மீட்டர் தூக்க 0.57 யூனிட் வேண்டும். மோட்டாரில், வயரில் வீணாவதைச் சேர்த்தால் 0.65 அளவில் வரும். 60 யூனிட் பெட்டரியில் அது ஒரு வீதத்துக்குக் கொஞ்சம் மேலே.

இப்போது கொழும்பிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியா போய்ப் பார்ப்போம். 170 கிலோமீட்டர் அளவு. தூரத்துக்கு 42%, உயரத்துக்கு 19%, மொத்தம் 61%. திரும்பி இறங்கும்போது 30% போதும் (ஏன் என்பது அடுத்த பதிலில்). ஆக 91%. கணக்குப்படி போய் வரலாம். ஆனால் 9% மிச்சத்தை நம்பிக் குடும்பத்தோடு கிளம்ப நான் ஆள் இல்லை. நுவரெலியாவில் இரவு தங்கும் இடத்தில் சாதாரண பிளக்கில் சொருகினாலே இந்தக் கவலை போய்விடும்.

"எறங்கும்போது தன்னால சார்ஜ் ஏறுதாமே, உண்மையா, விளம்பரமா?"

உண்மை. இறக்கத்தில் அக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே பெட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். ரீஜென் என்பார்கள். ஏறச் செலவழித்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வரும். 1,868 மீட்டர் இறங்கினால் 12% அளவு. மேலே சொன்ன 42% இல் அந்த 12% ஐக் கழித்துத்தான் 30% என்றேன்.

இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது டேஷ்போர்டைப் பார்த்தால் வீதம் ஒவ்வொன்றாகக் கூடுவது தெரியும். முதல் தடவை வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இலவசக் கரண்ட் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது நீங்கள் கட்டிய காசில் ஒரு பகுதி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். பெற்றோல் வண்டியில் அந்தப் பகுதி பிரேக் சூடாகிக் காற்றோடு போகும்.

"வீட்டுல சும்மா பிளக்குல சொருகலாமா, இல்ல பெரிய மெஷின் போடணுமா?"

இந்தப் பக்கம் முழுவதிலும் கவனமாக வாசிக்க வேண்டிய பதில் இதுதான். மலை இந்த வண்டிகளுக்குப் பிரச்சினையே இல்லை. வீட்டு வயரிங்தான் பிரச்சினை.

வண்டியோடு வரும் சின்ன சார்ஜர் 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக்கில் 2 கிலோவாட் அளவு இழுக்கும். இரவு பத்து மணிநேரத்தில் 18 யூனிட் உள்ளே போகும், அதாவது 30%. தினமும் ஹட்டன், தலவாக்கலை என்று 40 அல்லது 50 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அதுவே தாராளம். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் வேண்டும். நம் வீடுகளில் பலவற்றுக்கு இருப்பது ஒற்றை ஃபேஸ் 30 ஆம்பியர் இணைப்பு. அதில் அந்த மெஷினை முழு வேகத்தில் போட்டால் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம், அல்லது பிரதேச மின்சார அலுவலகத்தில் மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

எந்தச் சார்ஜராக இருந்தாலும் மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி லைன், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த் கம்பி வேண்டும். எர்த் சரியில்லை என்றால் நல்ல சார்ஜர் வேலையே செய்யாது. ஃபிரிட்ஜுக்கும் ஐயர்னுக்கும் போட்ட பழைய சொக்கெட்டில் பத்து மணிநேரம் 9 ஆம்பியர் ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொக்கெட்டே காட்டும்: வெள்ளைத் தட்டில் கால் நுழையும் ஓட்டையைச் சுற்றி முதலில் மஞ்சள், பிறகு கருகிய பழுப்பு, கூடவே மீன் வாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்றம். சார்ஜ் போட்டு ஒரு மணிநேரம் கழித்துப் பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

"நாங்க தோட்டத்துல லயத்துல இருக்கோம். ஜன்னல் வழியா வயர் இழுத்துப் போடலாமா?"

வேண்டாம். லயத்தில் தீ, காரணம் மின்னொழுக்கு என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். வரிசையாக ஒட்டிய தோட்ட வீடுகள், ஒரே கூரை, மரச் சட்டம், எப்போதோ இழுத்த வயர், ஒரு காம்பராவில் பற்றினால் வரிசையே போகும். அந்த வயரிங்கில் விடிய விடிய 2 கிலோவாட் இழுப்பது உங்களுக்கு மட்டுமான ஆபத்து இல்லை.

தனி வீடு, சொந்தப் பெயரில் மீட்டர், வண்டி வாசல் வரை வரும் பாதை, இந்த மூன்றும் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் வேலை செய்யும் இடத்திலோ கடையிலோ நிச்சயமாகச் சார்ஜ் போட அனுமதி வாங்கிக்கொண்ட பிறகு யோசியுங்கள். டவுனில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது ஒன்று பழுதானால் உங்கள் வாரமே பழுது.

"கரண்ட் பில் எகிறிடாதா?"

எகிறும், ஆனால் பெற்றோல் செலவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் வையுங்கள். அதே அளவு பெற்றோல் எஸ்யூவி மலையில் 9 அல்லது 10 லீட்டர் குடிக்கும். இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். விலைகள் அடிக்கடி மாறுவதால் நான் இங்கே ரூபாய் எழுதவில்லை.

பெருக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 170 யூனிட் கூடும். வீட்டுப் பாவனை 80 யூனிட் என்றால் மொத்தம் 250, அதாவது 180 யூனிட்டைத் தாண்டிய உச்சப் படி. வண்டிக்குப் போகும் 170 யூனிட்டில் கடைசி 70 அந்த உச்ச விலையில், மற்றவை அதற்குக் கீழ்ப் படிகளின் விலையில் விழும்; சராசரியில் கணக்குப் பார்க்க வேண்டாம். இதற்கு மாற்றாக நேர அடிப்படையிலான கட்டணம் இருக்கிறது: இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக அதிகம். உங்கள் இணைப்புக்கு அது பொருந்துமா என்று பிரதேச மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் வண்டியில் நேரத்தைக் குறித்துவிட்டுத் தூங்கலாம்.

மாலை நேரத்தைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அந்த நேரம் வோல்டேஜ் விழும், சார்ஜர் பாதியில் நின்றுவிடும்.

"நம்ம நாட்டுல கரண்ட் கட் வந்தா வண்டியும் அம்போதானே?"

2022 இல் பெற்றோல் ஷெட் வரிசையில் இரவு முழுக்கப் படுத்துக் கிடந்தவர்களே இதைக் கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. சரி, நியாயமான பயம்தான். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் நாடே இருண்டதாக அமைச்சரே சொன்னார். அந்த மாதிரி சில மணிநேர வெட்டுகள் வண்டியைப் பாதிக்காது, நேற்று போட்ட சார்ஜ் இருக்கும்.

பல நாள் கரண்ட் போவது வேறு கதை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் ரோடும் போனது, கரண்டும் போனது. மழைக்கால எச்சரிக்கை வந்தால் பெட்டரியை 80 அல்லது 90% இல் வைத்துக்கொள்ளுங்கள். பாதை மூடியிருக்கும்போது எந்த வண்டியும் ஓடாது, ஆனால் மின்சார வண்டி வீட்டுக்கு விளக்காகும். சார்ஜ் ஓட்டையில் ஒரு எடெப்டரைச் சொருகி 2, 3 கிலோவாட் வரை வெளியே எடுக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. ஃபிரிட்ஜ், நாலு பல்ப், போன்கள், ஒரு ரைஸ் குக்கர், எல்லாம் ஓடும். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு நேரடியாக ஓட்டுங்கள். வீட்டுச் சொக்கெட்டில் திருப்பிச் சொருகி வீட்டு லைனுக்கே கரண்ட் கொடுக்கப் பார்க்காதீர்கள். வெளியே கம்பத்தில் லைன் திருத்துகிறவரைக் கொன்றுவிடும்.

"மலிவான எலக்ட்ரிக் எஸ்யூவின்னா எத வாங்குறது?"

பல பத்து இலட்சம் ரூபாய் போகும் ஒன்றை மலிவு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆனாலும் இப்போதைய சந்தையில் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விலையில் பெரிய பங்கு வரி. மின்சார வண்டிக்கு உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டையும் வண்டியின் வயதையும் பார்த்து விழும், அதற்கு மேல் வற் வரி. அதனால் சின்ன மோட்டார் உள்ள வகைக்கும் பெரிய மோட்டார் உள்ள வகைக்கும் இலட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். மலைக்குப் பெரிய மோட்டார் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 100 கிலோவாட்டே இந்த வளைவுகளுக்கு மிச்சம். அந்தக் காசைப் பெரிய பெட்டரிக்குக் கொடுங்கள்.

பெயரை விட முக்கியம் சார்ஜ் ஓட்டை. முன்பு வந்த நிசான் லீஃப் கார்களுக்கு ஜப்பான் முறை சாடேமோ. இப்போது முகவர்கள் விற்கும் சீன, ஐரோப்பிய வண்டிகளுக்கு சிசிஎஸ் 2. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததை யாராவது தனியாக இறக்கினால் அதில் ஜிபிடி முறை இருக்கும், திரையும் சீன மொழியில் இருக்கலாம். விலை குறைவாகத் தெரியும். ஃபாஸ்ட் சார்ஜரில் போய் நின்றால் பிளக் பொருந்தாது. வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

"நடுவழியில ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கா?"

கொழும்பு, கண்டி, நுவரெலியா போன்ற ஊர்களில் இருக்கின்றன. ஹோட்டல்களிலும் கூடிக்கொண்டு வருகின்றன. கிளம்பும் முன் சார்ஜர் இடங்களைக் காட்டும் செயலியில் பாருங்கள், பிறகு அந்த இடத்துக்கே கோல் எடுத்து வேலை செய்கிறதா என்று கேளுங்கள். 30 இலிருந்து 80% க்கு நல்ல மெஷினில் அரை மணி, சாதாரண மெஷினில் ஒரு மணி.

"நுவரெலியாவுல வீடு. ராத்திரி 100 வரைக்கும் போட்டுட்டு காலைல கீழ எறங்கினா பிரேக் வித்தியாசமா இருக்கே, ஏன்?"

அருமையான கேள்வி, ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயம். பெட்டரி நிறைந்திருக்கும்போது ரீஜென் கரண்டைப் போட இடம் இல்லை. அதனால் வண்டி ரீஜெனைக் குறைத்துவிடும், அல்லது நிறுத்திவிடும். நேற்று மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் பிடித்த வண்டி இன்று வழுக்கிக்கொண்டு போகும். முழுச் சுமையும் சாதாரண பிரேக்குக்கு வரும். 1,750 கிலோ வெறும் வண்டியே இருக்கிறது, அதில் ஐந்து பேர். மேலே வீடு உள்ளவர்கள் காலையில் இறங்குவதாக இருந்தால் 85 முதல் 90% இல் நிறுத்துங்கள். கொழும்பு வரை இறங்கினாலும் திரும்பி வருவது 12% தான் என்று பார்த்தோமே, அந்த அளவு இடம் போதும்.

இதில் ஒரு சிக்கல். இப்போது வரும் பல வண்டிகளில் இருப்பது லிதியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி. அதை வாரம் ஒரு தடவையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள், இல்லையென்றால் திரையில் காட்டும் வீதம் மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? அடுத்த நாள் தட்டையான ஓட்டமோ ஏற்றமோ உள்ள இரவில் நிறைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா டவுனுக்குள்ளேயே சுற்றும் ஞாயிற்றுக்கிழமை அதற்கு நல்ல நாள். எட்டியாந்தோட்டையிலோ கம்பளையிலோ வீடு என்றால் இந்தத் தலைவலியே இல்லை, காலையில் மேலேதானே போகிறீர்கள்.

"அப்போ எறக்கத்துல பிரேக்கே பிடிக்க வேணாமா?"

நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பிரேக் சூடாகிப் போன வண்டிகளின் கதை எல்லோருக்கும் தெரியும். ரீஜெனை உயர்ந்த நிலையில் வைத்தால் பிரேக் டிஸ்க் ஆறிப்போய்க் கிடக்கும், அவசரத்துக்கு முழுப் பலத்தோடு இருக்கும். அந்த வகையில் இது மலைக்கென்றே செய்த வண்டி.

ஆனால் பயன்படுத்தாத பிரேக் துருப்பிடிக்கும், நம் மழையில் இன்னும் சீக்கிரம். தட்டையான வெறும் ரோட்டில் அவ்வப்போது நன்றாக அழுத்திப் பிடித்துத் துருவைத் தேய்த்துவிடுங்கள். சர்விஸில் பிரேக் எண்ணெய் மாற்றுவதை விடாதீர்கள். எஞ்சின் ஒயில் இல்லையே என்று சர்விஸையே மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"புள்ளைங்க ரெண்டும் வளைவுக்கு வளைவு வாந்தி. பழைய வேன்ல இப்படி இல்லியே அண்ணா?"

வண்டியில் தப்பில்லை, வலது காலில்தான். மிதியை அழுத்தினால் பாய்ச்சல், எடுத்தால் பிடி. வட்டவளை மாதிரியான வளைவுகளில் இது முன்னும் பின்னுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின் சீட்டில் போன் பார்க்கும் பிள்ளைக்குத் தெரியும். எஞ்சின் சத்தம் இல்லாததால் வண்டி எப்போது வேகம் எடுக்கும், எப்போது குறைக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிவதும் இல்லை.

ஏறும்போது ரீஜெனைக் குறைந்த நிலையில் வையுங்கள், ஈக்கோ நிலையில் ஓட்டுங்கள், மிதியை முழுவதும் விடாமல் பாதியில் பிடித்துப் பழகுங்கள். நீண்ட இறக்கத்துக்கு மட்டும் உயர்ந்த நிலை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, பிள்ளைகள் முகர்ந்துகொள்ள அப்பாயி கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்துவிடுவதும் நடக்கட்டும்.

"குளிருக்குப் பெட்டரி செத்துடாதா?"

இல்லை. ஐரோப்பாவில் பனிக்குள் ஓடும் வண்டிகள் இவை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகப் பனி பூத்திருக்கும் நாட்களில்கூட வண்டி கிளம்பும். ஃபாஸ்ட் சார்ஜ் கொஞ்சம் மெதுவாகும், முதல் சில கிலோமீட்டருக்கு ரீஜென் குறையலாம். ஹீட்டர் 1 அல்லது 2 கிலோவாட் இழுக்கும். கண்ணாடியில் படியும் மூடுபனியைத் துடைக்க ஏசி போட வேண்டியிருக்கும், அதுவும் பெரிய செலவில்லை. ஏப்ரல் சீசனில் கிரெகரி வாவிப் பக்கம் இரண்டு மணிநேரம் வாகன நெரிசலில் நின்றாலும் 3 அல்லது 4% தான் போகும்.

"எஸ்யூவின்னா தோட்டத்து ரோட்டுலயும் போகும்தானே?"

பேர்தான் எஸ்யூவி. இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அட்டோ 3 இன் அடிப்பக்க உயரம் 175 மில்லிமீட்டர், ஐந்து பேர் ஏறினால் அதிலும் குறையும். கொங்கிரீட் போட்ட தோட்டப் பாதை, கல் பாவிய ஃபெக்டரி ரோடு, பிரச்சினை இல்லை. மழை விட்டதும் சவுக்கு இலை கொட்டிக் கிடக்கும் செங்குத்தான மண் பாதையில் முன்சக்கரம் சுற்றும், ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் போய்விடுவதால். மெதுவாக, ஒரே அழுத்தத்தில் ஏறுங்கள். நல்ல டயர் முக்கியம்.

அடியில் தட்டையாக இருப்பது பெட்டரி. நடுவில் கல் எழும்பிய பாதையில் டயர் கல்லின் மேல் ஏறட்டும், கல் நடுவில் போக வேண்டாம். பல மின்சார வண்டிகளில் ஸ்பேர் வீல் கிடையாது, காற்றடிக்கும் மெஷினும் பசையும்தான். பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பசை உதவாது. தோட்டத்துக்குள் வீடு என்றால் ஒரு ஸ்பேர் வீலைத் தேடி வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

"மழை, இடி, வெள்ளம்?"

மழையில் சார்ஜ் போடலாம், வண்டிப் பக்கத்து ஓட்டை அதற்கென்றே செய்தது. வீட்டுப் பக்கத்துச் சொக்கெட்டும் பெட்டியும் கண்டிப்பாக நனையாத இடத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல், ஒக்டோபர் மாலைகளில் இடி முழங்கும்போது கழற்றிவிடுங்கள், மெயின் போர்டில் இடிதாங்கும் சர்ஜ் கருவியும் போடுங்கள். பெட்டரி தண்ணீர் புகாதபடி அடைத்தது என்றாலும் ஓடும் வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள்.

"நடு ரோட்டுல நின்னுட்டா நம்ம கராஜ் பாஸ் பாப்பாரா?"

டயர், பிரேக், சஸ்பென்ஷன், பல்ப் எல்லாம் பார்ப்பார். செம்மஞ்சள் நிற வயர் ஓடும் பக்கம் மட்டும் கை வைக்க விடாதீர்கள், அது உயிர் எடுக்கும் வோல்டேஜ். அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். வாங்கும் முன் முகவரிடம் கேளுங்கள்: பக்கத்தில் எங்கே சர்விஸ், கண்டியா கொழும்பா, ஹட்டனுக்கு ஆள் அனுப்புவீர்களா என்று.

மின்சார வண்டி அப்படியே செத்து நின்றால் பெரிய பெட்டரிதான் போய்விட்டது என்று பதறுவார்கள். பல நேரம் காரணம் சின்ன 12 வோல்ட் பெட்டரி. அது இறங்கினால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது. மற்ற கார்களைப் போல ஜம்ப் கேபிளில் எழுப்பலாம். அதற்கும் எழும்பவில்லை என்றால் முழு வண்டியையும் மேலே ஏற்றும் லொறியைக் கூப்பிடுங்கள். முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் மோட்டார் சுற்றிக் கரண்ட் உண்டாக்கிப் புதுச் செலவு வைக்கும்.

"ஹட்டன்லருந்து கதிர்காமம், குடும்பத்தோட. ஒரே சார்ஜ்ல முடியுமா?"

போக முடியும், போய் வர முடியாது. நுவரெலியா, பண்டாரவளை, வெல்லவாய வழியாக 200 கிலோமீட்டர் அளவு. தூரத்துக்கு 50%. ஹட்டன் 1,271 மீட்டரிலிருந்து நுவரெலியா ஏற 6%. அங்கிருந்து சமவெளி வரை இறங்குவதில் 12% திரும்பும். ஆக 44%.

திரும்பும்போது தூரத்துக்கு அதே 50%, நுவரெலியா வரை ஏற 18%, ஹட்டனுக்கு இறங்குவதில் 4% திரும்ப வரும். மொத்தம் 64%. ஒரே பாதை, போகும்போது 44, வரும்போது 64. இரண்டும் சேர்ந்து 108. மடத்திலோ ஹோட்டலிலோ ஒரு இரவு சொருக முடியுமா என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள். சொருகும் இடம் வெளியே மழையிலா, எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளம் என்பதையும் கேளுங்கள். வெல்லவாயவைத் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் கையில் 50% க்குக் குறைவாக இருந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

"சத்தமே இல்லாம வந்து பக்கத்துல நிக்குது. ஆளுங்க மேல மோதிடாதா?"

மெதுவாகப் போகும்போது வண்டி தானே ஒரு மெல்லிய ஓசை எழுப்பும். மழையில் தலையில் ரெட்டுத் துணி போட்டுக்கொண்டு கொழுந்து மூட்டையோடு ரோட்டோரம் நடக்கும் அக்காமாருக்கு அது கேட்காது. வளைவுக்கு முன் ஒரு சின்ன ஹோர்ன் அடியுங்கள், தள்ளி ஓட்டுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடும் மலைநாட்டு வழக்கம் இதற்கும் உண்டு. நமக்குப் பாதிச் சரிவில் நின்று எடுப்பது சுலபம் என்பதால் நான் பெரும்பாலும் லொறிக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன்.

"பெட்டரி எத்தன வருஷம்? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?"

பல கம்பனிகள் பெட்டரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. எதற்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற வீதம் பத்திரத்தில் இருக்கும், அதை வாசியுங்கள். அது இலங்கை முகவர் தரும் உத்தரவாதமா என்பதையும் பாருங்கள்.

பழைய லீஃப் கார்கள் பெயரைக் கெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவற்றின் பெட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீர்ச் சுற்று இல்லை, வெறும் காற்றுதான். கொழும்பு வெயிலில் ஓடியவை சீக்கிரம் சுருங்கின. பழையது வாங்குவதானால் பெட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். பிறகு 90% இல் எடுத்து, தெரிந்த ஒரு ஏற்றத்தில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். கம்பளையிலிருந்து நுவரெலியா வரை 60 கிலோமீட்டர் அளவு, 1,400 மீட்டர் ஏற்றம். 60 யூனிட் வண்டி என்றால் 29 அல்லது 30% இறங்க வேண்டும். 40% இறங்கினால் விலையைக் குறையுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள்.

"அப்ப வீட்டுல இருக்குற டீசல் வேன வித்துடலாமா?"

வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் சொல்லுங்கள். இந்த வண்டிகளில் ஐந்து சீட். கல்யாணம், திருவிழா என்று எட்டுப் பேர் ஏறும் வீட்டில் வருடத்துக்குச் சில நாள் வேன் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும், தினசரி ஓட்டம் இருப்பவருக்கு டீசல் செலவும் புகைச் சான்றிதழ் அலைச்சலும் மிச்சம்.

அவசரப்பட வேண்டாம். சார்ஜர் லைன் போட்டு, எர்த் பார்த்து, ஒரு மழைக்காலம் புது வண்டியை ஓட்டுங்கள். அதுவரை வேன் வாசலிலேயே நிற்கட்டும்.